உறைய வைத்த வயிறு

எங்கள் கோயிலில் சாமி புறப்படும்போது முன்பக்கம் இடது தண்டு என்னுடையது. கிள்ளானில் நாங்கள் இருக்கும் வட்டாரத்துக் கோயில் பெரிய கோயில் அல்ல. ஆனாலும் மாதாமாதம் கார்த்திகையன்று சாமி வெளிச்சுற்று வருவார். வருடத் திருவிழாவில் தெருவுக்கும் வருவார். நீளமான இரண்டு தண்டுகள், நடுவில் சாமி, முன்னும் பின்னும் ஆட்கள். முன்வரிசையில் நிற்கும் இருவரும் ஒரே உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சாமி ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார். நான் நல்ல உயரம். வலது தண்டில் நிற்பவரும் என் அளவுதான். அந்த இடம் எனக்குக் கிடைத்தது அப்படித்தான். வேறு திறமை எதுவும் காரணமல்ல.

எனக்குப் பேச வராது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்ததும் லோரியில் ஏறிவிட்டேன். இன்றும் கெலிண்டான் வேலைதான். ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து போய், அரிசி மூட்டைகளை இறக்கிக் கடைக்குள் அடுக்கிவிட்டு வருவது. கல்யாண வீடுகளில் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் நிற்பேன். யாராவது கேட்டால் தலையாட்டுவேன். தண்டுக்குக் கீழே மட்டும் அந்தச் சங்கடம் இல்லை. அங்கே யாரும் யாரிடமும் பேச வேண்டியதில்லை. பின்னால் நிற்பவன் தடுமாறினால் என் தோளுக்குத் தெரியும். என் கால் மாறினால் அவனுக்குத் தெரியும். ஊரில் எனக்கென்று இருந்த இடம் அது ஒன்றுதான்.

தண்டு பிடிப்பவர்கள் சட்டை போடக்கூடாது. வேட்டி, இடுப்பில் ஒரு துண்டு, தோளில் மடித்த இன்னொரு துண்டு, அவ்வளவுதான். வயிறு பெரிதாகிக்கொண்டு வந்ததை நான் அறிவேன். வேட்டியை அதற்கு மேலே கட்டுவதா கீழே கட்டுவதா என்பதே ஒவ்வொரு முறையும் ஒரு யோசனையாக இருந்தது. கீழே கட்டினால் பை போலத் தொங்கும். மேலே கட்டினால் மூச்சு முட்டும்.

ஒரு திருவிழாவில் யாரோ ஓர் இளைஞன் எங்களைப் படம் பிடித்திருக்கிறான். சாமி ஆடி வரும்போது முன்னால் நிற்பவர்கள் குதிப்பது போல அடி வைப்போம். சாமியை விட்டுவிட்டு அவன் என் வயிற்றை மட்டும் பிடித்திருந்தான். அது குலுங்குவதை மெதுவாக ஓடவிட்டு, கீழே எழுதியிருந்தான்: “அண்ணனுக்கு எத்தனையாவது மாசம்?” கோயில் வாட்சாப் குழுவில் அது வந்தபோது நான் லோரியில் இருந்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே சிரிப்பு முகங்கள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. ஓட்டுநர், “என்ன பாஸ், நல்ல சேதியா?” என்று கேட்டார். போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த கார்த்திகைக்கும் போனேன். தோளில் தண்டு இருந்தது, கவனம் முழுக்க வயிற்றில் இருந்தது. எதிரில் யார் போனை உயர்த்தினாலும் மூச்சை உள்ளே இழுத்தேன். அடி தவறியது. எங்களுக்கெல்லாம் தலைவராக இருப்பவர் முன்னால் நின்று சாமியைப் பார்த்தபடி பின்னோக்கி நடப்பார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். “டேய், இடது! தூங்குறியா?” என்று கத்தினார். இப்படியே போனால் இந்த இடமும் போய்விடும் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் சரக்கு இறக்கும் ஒரு கடைக்கு மேல்மாடியில் மெலிய வைக்கும் சென்டர் ஒன்று இருந்தது. வாசலில் ஒட்டியிருந்த படத்தில் ஓர் ஆணின் வயிறு இருந்தது. முன், பின். கத்தி இல்லை, ஊசி இல்லை, கொழுப்பை உறைய வைத்தே கரைக்கலாம் என்று தமிழிலும் எழுதியிருந்தார்கள். மூட்டை தூக்கும்போதெல்லாம் அந்தப் படத்தைக் கடந்துதான் போக வேண்டும். ஒரு விடுமுறை நாளில் மனைவியிடம் கோலாலம்பூரில் ஒரு சாவு வீடு என்று சொல்லிவிட்டுக் கோமுட்டர் ரயில் ஏறினேன். மாடிப்படியில் இரண்டு முறை ஏறி இறங்கினேன். மூன்றாவது முறை உள்ளே இருந்த பெண்ணே கதவைத் திறந்துவிட்டாள்.

“வாங்க அங்கிள், உள்ள ஏர்கோன் இருக்கு. ஏன் படியில நிக்கிறீங்க?”

சின்னப் பெண். என் மகளாக இருக்கும் வயது. எனக்குப் பிள்ளைகள் இல்லை.

“வலிக்குமா?” என்று கேட்டேன்.

“ஐஸ் வச்ச மாதிரி இருக்கும், அவ்ளோதான் லா. அப்புறம் மரத்துடும். நீங்க தூங்கியே போயிடுவீங்க. ரெண்டு மூணு மாசத்துல செத்த கொழுப்பு எல்லாம் தானா வெளிய போயிடும்.”

“வேற எதாவது ஆகுமா?”

“கொஞ்சம் செவக்கும் அங்கிள். கல்யாண மாப்பிள்ளைங்க எல்லாம் வந்து செஞ்சுட்டுப் போறாங்க. நீங்க என்ன, பயந்துகிட்டு.”

அதன்பின் இங்கிலீஷில் வேகமாக எதையோ படித்துக் காட்டினாள். நான் தலையாட்டினேன்.

சட்டையைக் கழற்றச் சொன்னபோது கழற்றாமல் நெஞ்சுவரை சுருட்டிப் பிடித்துக்கொண்டேன். வயிற்றில் ஈரமான ஒரு தாளைப் போட்டு, அதன்மேல் கிண்ணம் போன்ற ஒன்றை வைத்தாள். அது என் சதையை உள்ளே இழுத்துக் கவ்வியது. முதலில் குளிர் ஊசி போலக் குத்தியது, பிறகு கடித்தது, பிறகு ஒன்றுமே இல்லை. கிண்ணத்தை எடுத்தபோது உள்ளே இருந்த சதை அப்படியே நின்றது. சந்தையில் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்த இறைச்சித் துண்டு போல, நான்கு பக்கமும் விளிம்போடு, சிவப்பாக. அதை அவள் இரண்டு கையாலும் பிசைந்தாள். சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டேன்.

“முடிஞ்சிடுச்சு அங்கிள். ஹீரோ ஆயிடுவீங்க.”

ரயிலில் திரும்பி வரும்போது என் வயிறு என்னிடம் இல்லை. யாரோ ஒருவருடையதை மடியில் வைத்துக்கொண்டு போவது போல இருந்தது. குளிக்கும்போது தண்ணீர் நெஞ்சில் விழுவது தெரிந்தது, தொடையில் விழுவது தெரிந்தது, நடுவில் தெரியவில்லை. வீங்கியது. ஊதா நிறத்தில் கன்றியது. எல்லாம் கொழுப்பு சாகிற அடையாளம் என்று நினைத்துக்கொண்டேன். மனைவிக்குத் தெரியாமல் இருக்க வீட்டிலும் பனியனைக் கழற்றவில்லை.

சில நாள் போனதும் வலி வந்தது. மேலே ஒன்றும் தெரியாது, உள்ளே மட்டும் மின்சாரம் தொட்டது போலச் சுரீர் என்று ஓடும். மூட்டையைத் தோளில் ஏற்றும் நேரம் பார்த்து ஓடும். இரண்டு முறை மூட்டையைக் கீழே போட்டேன். சென்டருக்குப் போன் செய்தபோது, “நார்மல் லா அங்கிள், நிறைய தண்ணி குடிங்க,” என்றாள் அந்தப் பெண்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாற்காலியிலிருந்து எழுந்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்து நின்றுவிட்டேன். மனைவி பார்த்துவிட்டாள். அவள் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். வீட்டில் எந்த நோவுக்கும் முதல் வைத்தியர் அவள்தான்.

“என்னங்க?”

“ஒண்ணுமில்ல. மூட்டை தூக்கினது.”

“மூட்டை தூக்கினா முதுகுல வலிக்கணும். இது வாயு. நேத்து ராத்திரி அவ்வளவு கடலை யாரு தின்னது? படுங்க.”

குவாலியில் கல்லுப்பைப் போட்டு வறுத்தாள். உப்பு வெடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. பழைய கைலித் துணியில் கொட்டி முடிச்சுப் போட்டு, பனியன் மேலேயே ஒத்தடம் வைத்தாள்.

“சூடு போதுமா?”

“ஒண்ணும் தெரியல.”

திரும்ப வறுத்து வந்தாள். “இப்ப?”

“தெரியல.”

“என் கையே பொறுக்கல, உங்களுக்குத் தெரியலையா? எருமைத் தோலுங்க உங்களுக்கு.”

“வை. உள்ள குளிரா இருக்கு, வை.”

அது உண்மை. உள்ளே குளிர் தங்கிவிட்டது என்றுதான் எனக்கும் பட்டது. குளிர் ஏறிய உடம்புக்குச் சூடு கொடுக்க வேண்டும். நாங்கள் பிறந்ததிலிருந்து அறிந்த வைத்தியம் அது ஒன்றுதானே. சூடு ஆழத்தில் இறங்கும்போது வலி கொஞ்சம் அடங்கியது போலவும் இருந்தது. அவளும் அழுத்திப் பிடித்தாள். சூடு குறையக் குறைய மாற்றி மாற்றி வைத்தாள். கடைசியில் மருந்தெண்ணெய் தடவலாம் என்று பனியனைத் தூக்கியபோது, தோலும் அதோடு கொஞ்சம் வந்தது.

அவள் கத்தவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள். “தோல் உரியுதுங்க,” என்றாள். “உங்களுக்குத் தெரியலையா? நெசமா தெரியலையா?”

குனிந்து பார்த்தேன். கொப்புளங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அந்த நேரத்திலும் எனக்கு எதுவும் தெரியவில்லை.

“இனிப்புநீர்தான்,” என்று அழ ஆரம்பித்தாள். “எங்க அப்பாவுக்கு இப்படித்தான் கால்ல ஆரம்பிச்சது. ஆணி குத்தினதுகூடத் தெரியாம நடந்தாரு. அப்புறம் காலையே எடுத்தாங்க.”

மறுநாள் காலையில் அரசாங்கக் கிளினிக்கில் நம்பர் எடுத்து உட்கார்ந்தோம். டாக்டர் ஒரு தமிழ்ப் பெண், இளவயது. விரலில் குத்தி இரத்தம் பார்த்தார்.

“சுகர் எல்லாம் ஓக்கே அங்கிள். அப்புறம் இந்த இடம் மட்டும் எப்படி மரத்துப்போச்சு?”

நான் தரையைப் பார்த்தேன். மனைவி என்னைப் பார்த்தாள்.

“ஐஸ் வச்சது,” என்றேன்.

“எதுக்கு ஐஸ்?”

“பிரிக்ஃபீல்ட்ஸ்ல. மெஷின்ல. வயிறு குறைய.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “அங்க டாக்டர் இருந்தாரா?”

“ஒரு பொண்ணு இருந்துச்சு.”

“டாக்டர்தான் அங்கிள் இதெல்லாம் செய்யணும். மரத்துப்போறது எல்லாருக்கும் வரும், சில பேருக்கு மாசக்கணக்குல இருக்கும். அந்த வலியும் வரும், தானா போயிடும். ஆனா மரத்த இடத்துல சூடு வைக்கவே கூடாது. சொல்லலியா உங்ககிட்ட?”

சொல்லவில்லை. சொல்லியிருந்தால், அது அந்த இங்கிலீஷோடு போயிருக்கும்.

மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது மனைவி பின்னால் உட்கார்ந்திருந்தாள். சிவப்பு விளக்கில் நின்றபோது ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

“ஐஸ்லயா வச்சீங்க? மீன் மாதிரியா?”

நான் திரும்பவில்லை.

“எவளுக்குக் காட்ட?”

பக்கத்தில் நின்ற லோரிக்காரன் எட்டிப் பார்த்தான். பச்சை விழுந்தது, போனேன். வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்து அந்த வீடியோவை அவள் கையில் கொடுத்தேன். எனக்கு விளக்கிச் சொல்ல வராது. அவள் பார்த்தாள். முடிந்ததும் திரும்பவும் பார்க்கவில்லை.

“இதுக்கா?”

“ம்.”

“என் கூட வேலை செய்றவ இத எனக்கு அப்பவே காட்டினா.” போனைத் திருப்பிக் கொடுத்தாள். “நானும் சேர்ந்து சிரிச்சேங்க.”

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. தினமும் வேலை முடிந்து வந்ததும் கை கழுவிக்கொண்டு புண்ணுக்கு மருந்து போட்டாள். எனக்கு வலிக்காது என்று தெரிந்தும் துணியை எடுக்கும்போது ஊதி ஊதி எடுப்பாள். புண்ணில் நெடுநாள் நீர் கசிந்துகொண்டிருந்தது. வேலைக்குப் போக முடியவில்லை. கார்த்திகைகள் வந்து போயின. முதுகுவலி என்று தலைவருக்குச் சொல்லியனுப்பினேன். சாயங்காலம் மேளச் சத்தம் எங்கள் வீடுவரை கேட்கும். எந்த மூலையில் சாமி திரும்புகிறார் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். அந்த நேரம் பார்த்து அவள் தொலைக்காட்சியைச் சத்தமாக வைப்பாள்.

புண் ஆறியது. வெந்த தோல் பளபளவென்று வேறு நிறத்தில் வந்தது. மின்சாரம் போல ஓடிய வலியும் நின்றுவிட்டது. திருவிழாவுக்கு இன்னும் நாள் இருந்தது. தழும்புதானே, திருநீறு பூசினால் மறைந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன். தண்டுக்குத் திரும்பிவிடலாம் என்று மனம் கொஞ்சம் எழும்பிய சமயம் அது.

கற்றாழை தடவிக்கொண்டிருந்த மனைவிதான் முதலில் கண்டாள். அவள் விரல்கள் ஓரிடத்தில் நின்றுவிட்டன.

“இது வீக்கம் இல்லங்க.”

“பின்ன?”

“கட்டியா இருக்கு. கைய வைங்க. இங்க விளிம்பு தெரியுது பாருங்க.”

விரலால் தடவினேன். வயிற்றுக்கு அந்தத் தடவல் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்தது. தழும்புக்கு அடியில் சதை இறுகி, அந்தக் கிண்ணம் கவ்விய அளவுக்கே நீளமாக எழும்பியிருந்தது. குறைய வேண்டிய இடம் மட்டும் வளர்ந்திருந்தது. அதற்குப் பிறகு அது இன்னும் பெரிதானது. சட்டை போட்டாலும் தெரிந்தது, உள்ளே எதையோ ஒளித்துக் கட்டியிருப்பது போல. வேலைக்குத் திரும்பி, பிரிக்ஃபீல்ட்ஸுக்குச் சரக்கோடு போனபோது மாடியைப் பார்த்தேன். படத்தைக் காணோம். கதவில் வாடகைக்கு என்று அட்டை தொங்கியது.

கிளினிக்கிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கிருந்த டாக்டர் கட்டியை அமுக்கிப் பார்த்து, என்ன ஏது என்று மலாயில் பொறுமையாகச் சொன்னார். அபூர்வமாகச் சிலருக்கு இப்படி ஆகும். உறைய வைத்த கொழுப்பு சாகாமல் பெருத்துவிடும். ஆண்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக வருகிறது. உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் தானாகக் கரையாது. குழாய் விட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். அதையும் இப்போதே செய்ய முடியாது, இறுகியது இளக வேண்டும். உயிருக்கு ஆபத்தில்லாததால் இங்கே முறை வருவதற்கு நாளாகும், காத்திருங்கள் என்றார். நான் தலையாட்டினேன். “திருவிழாவுக்குள்ள ஆகுமா, கேளுங்க,” என்று மனைவி என்னை இடித்தாள். நான் கேட்கவில்லை. அவளே அவளுடைய மலாயில் கேட்டாள். டாக்டர் எந்தத் திருவிழா என்று கேட்டுவிட்டு, இல்லை என்று தலையசைத்தார்.

கொடியேற்றத்துக்கு முந்தின வாரம் தலைவர் வீட்டுக்கே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

“என்னடா, சாமிக்கே எம்.சி. லெட்டர் குடுக்கிறியா? எத்தனை மாசத்துக்கு லீவு?”

மனைவி மைலோ கலக்க உள்ளே போனாள். நான் உட்காரவில்லை.

“அந்த வீடியோவாலதானே? அந்தப் பயல கூப்பிட்டு நல்லா குடுத்தேன். அழிச்சுட்டான். அவனுக்கே இப்ப தொப்பை வருது, பாரு.”

“அதுக்கில்ல அண்ணே.”

“பின்ன எதுக்கு? வாயைத் திறந்து சொல்லு லா. உன் வாயில என்ன கொழுக்கட்டையா?”

 சட்டைப் பொத்தான்களைக் கழற்றிக் காட்டினேன். தலைவர் பார்த்தார். அவருடைய சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்று, பிறகு போயிற்று.

“வலிக்குதா?”

“இல்ல. ஒண்ணுமே தெரியாது.”

“அப்ப வா. சாமி உன் வயித்தையா பாக்கப் போறாரு?”

“சாமி பாக்க மாட்டாரு அண்ணே.”

அவருக்குப் புரிந்தது. மனைவி கொண்டுவந்த மைலோவை வாங்கிக்கொண்டார். பிறகு வேறு குரலில் சொன்னார். “உன் உசரத்துக்கு ஆள் இல்லடா. ஒருத்தன பிடிச்சு வச்சிருக்கேன். நல்ல பையன், தெம்பா இருக்கான். ஆனா குட்டை. போன கார்த்திகைக்கு நிப்பாட்டினேன், சாமி இடது பக்கம் சாஞ்சிட்டாரு. பாக்கிறவங்களுக்கே ஒரு மாதிரியா இருந்துச்சு.”

நான் வேண்டும் என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், இடம் எனக்குத்தான். நான் சொன்னது வேறு.

“தோள்ல துண்ட நாலா மடிச்சு வைக்கச் சொல்லுங்க அண்ணே. மெல்லிசு வேணாம். கெட்டித் துண்டு. வேர்வையில வழுக்காது, உசரமும் சரியாயிடும்.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “கெட்டித் துண்டுக்கு நான் எங்கடா போறது?”

அலமாரியைத் திறந்து என்னுடையதை எடுத்து வந்தேன். சிவப்புக் கரை போட்டது. தோளில் படும் இடம் எண்ணெயும் திருநீறும் ஏறி நிறம் மாறியிருக்கும். மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். தலைவர் வாங்கிக்கொண்டார். செருப்பை மாட்டும்போது, “அடுத்த வருஷம் பாப்போம்,” என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

சாமி தெருவுக்கு வந்த அன்று சட்டை போட்டுக்கொண்டு போனேன். மனைவி அர்ச்சனைத் தட்டோடு முன்னால் நின்றாள். நான் பூக்கடைத் தூணுக்குப் பின்னால் நின்றேன். தெரு முழுக்கப் போன்கள் உயர்ந்திருந்தன. மேளம் நெருங்கியதும் என் இடது தோள் தானாகத் தாழ்ந்து கொடுத்தது. பக்கத்தில் நின்ற பெண்மணி, “அங்கிள், இடிக்காதீங்க,” என்றார்.

முன்வரிசை வந்தது. வலது தண்டில் பழைய ஆள். இடது தண்டில் அந்தப் பையன். தட்டையான வயிறு, வேர்வையில் மின்னியது. தோளில் என் துண்டு நாலாக மடிந்து கிடந்தது. சாமியைப் பார்த்தேன். சாயட்டும் என்று நினைத்தேனா, சாயக்கூடாது என்று நினைத்தேனா, எனக்கே தெரியவில்லை. சாமி இம்மிகூடச் சாயவில்லை. நான் தூக்கிய காலத்தில் வந்தது போலவே நேராக வந்தார், எங்கள் வரிசைக்கு முன்னால் நின்றார், தீபாராதனை ஆனது, போனார். பின்னோக்கி நடந்துகொண்டிருந்த தலைவர் என்னைக் கண்டார். துண்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். சரியாக இருக்கிறது என்பது போல.

மனைவி திருநீற்றோடு வந்தாள். நெற்றியில் பூசிவிட்டாள். அப்புறம் யாரும் பார்க்கிறார்களா என்று ஒரு கண் பார்த்துவிட்டு, சட்டையின் இரண்டு பொத்தான்களுக்கு நடுவில் விரலை விட்டு அந்த இடத்திலும் கொஞ்சம் பூசினாள். அவள் விரல் பட்டது எனக்குத் தெரியவில்லை. அவள் கை உள்ளே போனதைப் பார்த்ததால்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் கூப்பிடவில்லை. கார்த்திகைக்குக் கார்த்திகை அந்தப் பையன்தான் நிற்கிறான். துண்டு கோயிலிலேயே இருக்கிறது. தலைவரும் திருப்பிக் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.